பானகம் குடித்ததும் மலையேறிய சாமி

புரட்டாசி சனிக்கிழமை மதியம் எங்கள் தெருவில் யாரும் கண்ணயர மாட்டார்கள். என் வீட்டுக்காரர் மேல் பெருமாள் வரும் நேரம் அது.

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரியில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறிதான். வாரமெல்லாம் காதை அடைக்கும் சத்தம். அந்தச் சனிக்கிழமைகளில் மட்டும் தறிகள் ஓயும். ஆண்கள் காலையிலேயே தலைக்குக் குளித்து, நெற்றிக்கும் சொம்புக்கும் நாமம் போட்டுக்கொண்டு, வீடு வீடாக நின்று கோவிந்தா சொல்லி அரிசி வாங்கி வருவார்கள். அந்த அரிசியைப் பொங்கி, வாழையிலையில் குவித்து, மாவிளக்கு ஏற்றித் தளிகை போட்ட பிறகுதான் வாயில் பருக்கை வைக்கலாம். அதுவரைக்கும் துளசித் தீர்த்தம்தான். மாத்திரை மட்டும் விதிவிலக்கு. மாத்திரை சாப்பாடு இல்லை, அதனால் விரதம் கெடாது என்பது எங்கள் தெருவின் முடிவு. என் வீட்டுக்காரரும் சர்க்கரை மாத்திரையைத் தீர்த்தத்தோடு பக்தியாக விழுங்கிவிட்டுத்தான் சொம்பைக் கையில் எடுப்பார்.

இலை போடப் போகும் நேரத்தில் சாமி வரும். ஆடி மாதத்தில் அம்மன் யார் மேல் வேண்டுமானாலும் வருவாள். பெருமாள் கொஞ்சம் பெரிய இடம், லேசில் இறங்கி வர மாட்டார். அப்படிப்பட்டவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார் என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? முதலில் அவருக்கு வேர்க்கும். சட்டை போடாத மார்பில் திருமண் கரைந்து வழியும். கை நடுங்கும். கண் ஒரே இடத்தில் நிலைக்கும். பிறகு பேச்சு வரும், ஆனால் அவர் பேச்சாக இருக்காது. மெதுவாக, இழுத்து இழுத்து, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துச் சொல்வார்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. தெலுங்கு கலக்காமல் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசத் தெரியாத மனிதர் அவர். எங்கள் ஊரில் எல்லோருமே அப்படித்தான். சாமி வந்தால் மட்டும் ஒரு சொல் தெலுங்கு வராது. தெலுங்குக்காரர்கள் தெலுங்கில் கேட்டாலும் தமிழில்தான் பதில். பெருமாளுக்கும் தமிழ்தான் என்று எங்கள் ஆட்களுக்கு அதில் கொஞ்சம் கர்வம்.

கற்பூரம் ஏற்றி வைத்துக்கொண்டு கேட்பார்கள். மகனுக்கு எப்போது பெண் அமையும், தறியை விற்றுவிடலாமா, ஏர்பேட்டில் இருக்கும் நிலத்தை வைத்துக்கொள்ளலாமா. பெருமாள் பெரும்பாலும் எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்பார். சில சமயம் வடக்கே போக வேண்டாம் என்பார். வடக்கே யாரும் போவதாக இருந்ததில்லை. ஆனாலும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். மற்ற நாட்களில் என் வீட்டுக்காரரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. சொல்வதற்கென்ன, நானும் கேட்பதில்லை.

கேள்விகள் ஓய்ந்ததும் எதிர்வீட்டு அம்மா என்னைப் பார்த்துத் தலையசைப்பார். சொம்பு நிறைய வெல்லப் பானகத்தோடு நான் தயாராக நிற்பேன். இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொள்ள, நான் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுவேன். பானகம் உள்ளே போய்ச் சற்று நேரத்தில் சாமி மலையேறிவிடும். பிறகு தளிகை, சாப்பாடு. சாப்பிட்டு முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூட்டம் போன பிறகு என்னிடம் ரகசியமாகக் கேட்பார்.

"இன்னாமே, சாமி இன்னா சொல்லிச்சி?"

நான் சொல்வேன். அவர் ஏதோ பக்கத்து ஊர்ச் சேதியைக் கேட்பது போலக் கேட்டுக்கொள்வார்.

நான் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சர்க்யூட் போர்டுகளில் பழுது பார்ப்பது என் வேலை. திருத்துவது இல்லை, எங்கே பழுது என்று கண்டுபிடிப்பதோடு சரி. விடியும்போது கம்பெனி பஸ் ஏறினால் பிச்சாட்டூர், நாகலாபுரம், சத்தியவேடு என்று தூங்கிக்கொண்டே போய், வரதய்யபாளையத்தில் விழித்துக்கொள்வேன். இத்தனை வருடம் இதையே செய்ததில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. எதைப் பார்த்தாலும் இது எப்போது தொடங்கியது, எப்போதெல்லாம் வருகிறது, எதைத் தொட்டால் நிற்கிறது என்று மனம் நோண்டும். சாமி விஷயத்தில் மட்டும் அந்தப் புத்தியைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வருவேன். பெருமாளைச் சோதிக்க நான் யார்?

ஆனால் சில வருடங்களாகச் சாமி வரும் விதம் மாறியிருந்தது. வேர்வை குறைந்தது. நடுக்கம் நின்றே போனது. பேசிக்கொண்டே இருப்பவர் சட்டென்று வேறு ஆளாகிவிடுவார், அவ்வளவுதான். பெருமாளுக்கு இவர் பழகிவிட்டார், இப்போதெல்லாம் சாந்தமாக வருகிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதே சமயம் வீட்டில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. சந்தைக்கு வண்டியில் போனவர் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். மகள் போன் செய்தாளா என்று ஒரே சாயங்காலத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார். சம்பந்தி வீட்டுக்குப் போகும் தெருவைத் தாண்டிப் போய் நின்று விழித்தார். வயதானால் வருவதுதான் என்று அவர் சிரித்தார். அவருக்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. இந்த மனிதர் இவராகவே இருப்பாரா, அல்லது கொஞ்சம் கொஞ்சமாக என் கண்ணெதிரே கழன்று போய்விடுவாரா என்ற பயம். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் சும்மா எரிந்து விழுந்தேன்.

புரட்டாசிக்கு முந்தின மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு ஷிப்ட் மாறியதால் வீட்டில் இருந்தேன். காலையிலிருந்து கரண்ட் இல்லை. மதியம் வந்ததும், விட்டதைப் பிடிக்கிறேன் என்று மாத்திரையை மட்டும் விழுங்கி, சாப்பிடாமல் தறியில் நின்றுவிட்டார். இரண்டு முறை கூப்பிட்டேன், வரவில்லை. எக்கேடோ கெடட்டும் என்று துணி துவைக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால், ஒரு தறியில் பாவு இழைகள் அறுந்து, துணி நடுவில் கோடு விழுந்துகொண்டே ஓடுகிறது. ஓர் இழை அறுந்தால் தூக்கத்தில்கூட எழுந்து வரும் மனிதர், அதன் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப் போய்த் தறியை நிறுத்தினேன். அவர் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தபடி, மெதுவாக, இழுத்து இழுத்துச் சொன்னார்.

"எல்லாம் நல்லபடியா நடக்கும்."

அதே குரல். அதே கண். நாமம் இல்லை, சொம்பு இல்லை, கற்பூரம் இல்லை. செவ்வாய்க்கிழமையில் பெருமாளுக்கு எங்கள் வீட்டுத் தறியில் என்ன வேலை?

கை தன்னால் போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்தது. பானகத்துக்கு வெல்லம் கரைக்க நேரமில்லை. தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கிக் குடிக்க வைத்தேன். சற்று நேரத்தில் அவர் கண் என் முகத்துக்கு வந்தது. தறியை ஏன் நிறுத்தினாய் என்று என்னையே திட்டினார், பாதி தெலுங்கில். அந்தத் தெலுங்கைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றைக்கு வாசலில் விட்டிருந்த புத்தி உள்ளே வந்துவிட்டது. சாமி எப்போது முதலில் வந்தது என்று யோசித்தேன். சர்க்கரைக்கு இந்த மாத்திரையைத் தொடங்கின வருடத்தின் புரட்டாசியில். எப்போதெல்லாம் வருகிறது? மாத்திரை போட்டுச் சாப்பிடாத நாளில். எதைத் தொட்டால் நிற்கிறது? இனிப்பைத் தொட்டால். போர்டாக இருந்தால் அந்த நிமிடமே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன். இது சாமி. மெடிக்கல் ஷாப்பில் சர்க்கரை பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கி, முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து வைத்தேன்.

அந்தப் புரட்டாசியின் முதல் சனிக்கிழமை. முந்தின நாளிலிருந்தே விரதம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. பானகத்தைக் காலையிலேயே கரைத்து வைத்துக்கொண்டு, அவர் பின்னாலேயே சுற்றினேன். மதியம் எல்லோரும் கூடியிருக்க, கண் நிலைத்தது. எதிர்வீட்டு அம்மா கற்பூரத்தை எடுத்தார். அவர் ஏற்றுவதற்குள் நான் உட்கார்ந்து, பெருமாளின் விரலைப் பிடித்து ஊசியால் குத்தினேன்.

தெருவே மூச்சை அடக்கிக்கொண்டது. மெஷினில் நாற்பத்தெட்டு என்று வந்தது. கம்பெனியில் முதலுதவி வகுப்பு எடுத்த நர்ஸ் எழுபதுக்குக் கீழே போகக் கூடாது என்று சொன்னது ஞாபகம் இருந்தது. யாருடைய தலையசைப்புக்கும் காத்திருக்காமல் பானகத்தைப் புகட்டினேன். மலையேறிவிட்டது. சாமிக்கே ஊசி குத்தினவள் என்ற பெயர் எனக்கு அன்று சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது.

மறுவாரம் திருப்பதிக்கு அழைத்துப் போய் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். நடந்ததையெல்லாம் தெலுங்கில் சொன்னேன். சாமி என்றதும் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பானகம் கொடுக்கும் வழக்கத்தை யார் ஏற்படுத்தினார்களோ அவர்களுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும், இத்தனை வருடம் இவரைக் காப்பாற்றியது அதுதான் என்றார். கூடவே, பேச்சுமூச்சு இல்லாமல் போய்விட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வர வேண்டும் என்றும் எச்சரித்தார்.

எனக்குக் கேட்க நிறைய இருந்தது. அவர் பொறுமையாகச் சொன்னார். இவர் போடுவது பழைய வகை மாத்திரை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். உடம்பின் மற்ற பாகங்கள் சர்க்கரை குறைந்தால் கொழுப்பை எரித்தாவது சமாளிக்கும். மூளைக்குச் சேர்த்து வைக்கும் பழக்கம் கிடையாது. நேரத்துக்கு வராவிட்டால் தடுமாறிவிடும். வேர்வையும் நடுக்கமும் உடம்பு அடிக்கிற எச்சரிக்கை மணி. விரத நாளில் மட்டுமல்ல, சாப்பாடு தவறும் மற்ற நாட்களிலும் அடிக்கடி இறங்கி இறங்கி, அந்த மணி அடிப்பதை நிறுத்திவிடும். நாங்கள் சாந்தம் என்று கொண்டாடியது அதைத்தான்.

தெலுங்கு ஏன் போய்விடுகிறது என்று கேட்டேன். அவருக்கே அது சுவாரசியமாக இருந்தது. பிறந்ததிலிருந்து பேசுவது ஆழத்தில் இருக்கும், பிறகு கற்றது முதலில் நழுவலாம், ஆனால் உறுதியாகத் தெரியாது என்றார். தெரியாது என்று சொல்லும் டாக்டரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். உடனே பிடித்துவிட்டது.

கடைசியாகத்தான் என் பயத்தைக் கேட்டேன். இவருடைய மறதி இதனால்தானா? அவர் கொஞ்சம் யோசித்தார். இப்படிப் பலமாக இறங்கினவர்களுக்குப் பிற்காலத்தில் ஞாபகமறதி நோய் அதிகம் வருவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் எது எதற்குக் காரணம் என்பது இன்னும் சிக்கல்தான். மறதி இருப்பவர் சாப்பிட மறப்பார், போட்ட மாத்திரையையே மறுபடி போடுவார், அதனாலும் இறங்கும். சர்க்கரை ஏறியே கிடந்தாலும் மூளைக்குக் கெடுதல்தான். எங்கள் கம்பெனியிலும் இந்த வாக்குவாதம் உண்டு. சூடானதால் பழுதா, பழுதானதால் சூடா? அங்கே போர்டைக் கழற்றிப் பார்த்துவிடலாம். இங்கே பக்கத்து நாற்காலியில் பாவமாக உட்கார்ந்திருக்கும் மனிதரை என்ன செய்வது?

போனது போனதுதானா என்று கேட்டேன். அதை இன்றைக்குச் சொல்ல முடியாது, இனி இறங்காமல் பார்த்துக்கொண்டு, சில மாதம் கழித்து வாருங்கள் என்றார். மாத்திரையை மாற்றினார். இப்போதைக்குப் பட்டினி கூடவே கூடாது என்று அவரைப் பார்த்தே சொன்னார்.

பஸ் ரேணிகுண்டாவைத் தாண்டியது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, புரட்டாசி சனிக்கிழமை இட்லி தின்றுவிட்டுப் போய்க் கோவிந்தா சொல்லச் சொல்கிறாயா என்றார். மாத்திரை மட்டும் வயிற்றுக்குள் போகாமல் காதுக்குள்ளா போகிறது என்று நான் கேட்டேன். புத்தூர்வரை சண்டை. முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வருசத்துல அந்த நாலு நாளுதாம்மே என்னை உக்கார வெச்சி நாலு பேரு கேக்கறாங்க."

இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட நான் அவரைக் கேட்டிராத ஒன்றைக் கேட்டேன். சாமி வரும்போது உங்களுக்கு எப்படி இருக்கும்?

"கரண்டு போன மாதிரிதான். போச்சி, வந்துச்சி. நடுவுல ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். தான் சொன்னதைத் தானே மறுபடி கேட்பது போல இருந்தது அவர் முகம். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப அவங்க கேக்கசொல்ல நான் அங்க இல்லியாமே?" என்றார்.

இல்லை என்று எப்படிச் சொல்வேன்? காபி போட்டுக் கொடுத்தேன். ஊரே அவர் வாயைப் பார்த்திருந்த அத்தனை சனிக்கிழமைகளிலும், அந்த மரியாதையை வாங்கிக்கொள்ள அவர் மட்டும் அங்கே இருந்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் அவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார். போன வாரம் கோவிந்தா சொல்லி வாங்கின அரிசி மிச்சம் இருக்கிறதே, அதைப் பொங்கி இப்போதே தளிகை போட்டுவிடலாமா என்றார். வாங்கின அரிசி வாங்கின அரிசிதான், பெருமாள் காலையில் சாப்பிட மாட்டேன் என்றா சொல்லப்போகிறார் என்றார். எனக்கு இது தோன்றவே இல்லை. இந்த மூளைக்கா பயந்துகொண்டிருந்தேன் என்று ஒரு நிமிடம் துள்ளியது மனம். மாவிளக்கு ஏற்றினோம். அவர் நன்றாகச் சாப்பிட்டு, புது மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சொம்போடு கிளம்பினார். அவர் குரல் அன்றைக்குத் தெருக்கோடிவரை கேட்டது.

மதியம் வழக்கம்போலக் கூட்டம் கூடியது. கற்பூரத் தட்டு வந்தது. அவர் பாயில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவர் கண்ணைப் பார்த்தார்கள். அது இமைத்துக்கொண்டே இருந்தது. சாமி வரவில்லை. ஊசி குத்தினால் எப்படி வரும் என்று ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார். பின்னாலேயே சிலர் போனார்கள். எதிர்வீட்டு அம்மா மட்டும் போகவில்லை. ஏதோ கேட்க வேண்டும் என்று ஒரு வாரமாக வைத்திருந்தார் போலும். சாமி இல்லாவிட்டாலும் கேட்டுவிடுவோம் என்று அவரிடமே கேட்டார். தன் மகளுக்கு வரதய்யபாளையம் பக்கத்தில் வேலை கிடைத்திருக்கிறது, ஹாஸ்டலில் தங்க வேண்டும், அனுப்பலாமா?

எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொல்லிவிடுவாரோ என்று இருந்தது.

"எனுக்குத் தெரிலம்மா. யோசிச்சி நாளிக்கி சொல்றேன்" என்றார்.

பெருமாள் ஒரு நாளும் நாளைக்கு வா என்று சொன்னதில்லை. அந்த அம்மா கற்பூரத்தை ஏற்றாமலே தட்டை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அந்த அம்மா போனதுகூடப் பெரிதாகப் படவில்லை. நாளைக்கு என்று சொல்லிவிட்டாரே, நாளைக்கு இவருக்கு ஞாபகம் இருக்குமா என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஞாபகப்படுத்தக் கூடாது என்று முடிவு செய்தேன். என் தொழில் புத்தி அப்படி. தொட்டுவிட்டுச் சோதித்தால் அது சோதனை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்தார், சாப்பிட்டார், தறியை ஓட்டினார். ஒரு வார்த்தை இல்லை. நான் அரிசி களைந்தேன், குழம்பு வைத்தேன், வாசலுக்கும் தறிக்கும் சும்மா நடந்தேன். எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். அப்போதும் இல்லை. அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். போனது போனதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மோர் ஊற்ற வந்தபோது தலையைத் தூக்காமலே கேட்டார்.

"உங்க கம்பெனி பஸ்ஸு வரதய்யபாளையத்துல எங்க நிக்குது? அந்த ஹாஸ்டலாண்டதானா? பொம்பளப் புள்ளைங்க இருட்டுல நடக்கணுமா? நேத்துலருந்து அத்தத்தான் யோசிச்சிக்கினு கீறேன்."

மோர் இலையைத் தாண்டி வழிந்தது. பஸ் நிற்கும் இடத்தைச் சொன்னேன். விளக்கு இருப்பதைச் சொன்னேன். என்னோடு வேலை செய்யும் பெண்கள் அங்கே தங்கியிருப்பதைச் சொன்னேன். அவர் இன்னும் இரண்டு கேட்டார், நல்ல கேள்விகள். கை கழுவினார், சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்து போனார். எதிர்வீட்டு அம்மா முதலில் வாசலிலேயே நிறுத்திப் பேசினார். பிறகு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, துடைத்துப் போட்டார்.

வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இன்னா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அந்த அம்மா கேட்டது, இவர் சொன்னது, நடுவில் அந்த அம்மாவின் மகள் வந்து சொன்னது என்று ஒன்று விடாமல், பாதி தமிழும் பாதி தெலுங்குமாகச் சொன்னார்.